போனவர் தலையில்

எங்கள் லாண்டரியில் ஒருவர் வேலையை விட்டுப் போன பிறகுதான் நிறைய வேலை செய்வார். இருந்தபோது ஒழுங்காகத் துவைத்தவர், போன மறுநாளிலிருந்து சட்டைக் காலரைக் கருக்குவார், படுக்கை விரிப்பைக் கிழிப்பார், வெள்ளைத் துணியில் சிவப்பை ஏற்றுவார். ஆள் எங்கேயோ இருப்பார். ஆனாலும் எல்லாம் அவர் செய்ததாகத்தான் இருக்கும்.

விஷயம் இவ்வளவுதான்: எது கெட்டுப்போனாலும் "அது போனவர் வேலை" என்று சொல்லிவிடுவது எங்கள் வழக்கம். யாரும் கூடிப் பேசி முடிவெடுத்ததில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே இதைக் கற்றுக்கொண்டுவிட்டேன். எலாஸ்டிக் வைத்த விரிப்பை மடிக்கக் கற்றுக்கொள்ளத்தான் நாளாயிற்று. இருப்பவர் யாருக்கும் ஏச்சு விழாது. போனவருக்குக் காது கேட்காது. தப்புச் செய்தவன் இப்போது இங்கே இல்லை என்று கேட்டால் துணியைக் கொடுத்தவருக்கும் மனசு ஆறிவிடும். பாம்புக்கும் நோகாமல் பாம்படித்த கோலுக்கும் நோகாமல் காரியம் நடந்துகொண்டிருந்தது.

நான் சொல்லும் சமயத்தில் 'போனவர்' பதவியில் இருந்தவன் நெட்டையன். மெஷின் மேல் தட்டில் இருப்பதை ஏணி இல்லாமல் எடுப்பான், அதனால் அந்தப் பெயர். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனதால் வேலையை விட்டவன். அவன் கலக்கி வைத்த சோப்புத் தண்ணீர் தீர்ந்து பல மாதம் ஆகியும் அவன் பெயர் மட்டும் தீரவில்லை. "அவன் மெஷின்ல ஏதோ மாத்தி வெச்சிட்டுப் போயிட்டான் மேடம்" என்றால் மாடி அறையில் இருக்கும் முதலாளியம்மா பெருமூச்சு விட்டுத் தலையாட்டுவார்.

முன்பக்கம் கவுண்டரில் இருப்பது என் அக்கா. புகார் சொல்லி வருபவர்களிடமும் ஃபோனிலும் அவள்தான் பேசுவாள். "அந்த ஆளை நிறுத்திட்டோம் சார்" என்று தேன் ஒழுகச் சொல்வாள்; கருகிய கோட்டை வாங்கிக்கொண்டு நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். துவைக்கும் மெஷின்களைப் பார்ப்பது அக்காவின் வீட்டுக்காரர், என் அத்தான். இஸ்திரிப் பக்கம் ஒருவர், ஆவியிலேயே நிற்பதால் ஸ்டீம் அண்ணன். மடிப்பு மேசையில் நான். நாங்கள் நான்கு பேரும் ஒரே சபைக்குப் போகிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரே பெஞ்சு, திங்கட்கிழமை ஒரே பொய். இதில் ஏதோ இடிக்கிறது என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒருநாள் அக்கா என்னை மூலைக்கு இழுத்துப் போனாள்.

"உங்க அத்தானுக்கு என்னமோ ஆயிடுச்சுடி."

"காய்ச்சலா?"

"காய்ச்சல்னா மாத்திரை குடுத்திருக்க மாட்டேனா? ஆளே மாறிட்டாரு."

"அதுக்குத்தானே முழங்கால் தேய ஜெபம் பண்ணே?"

"மாறணும்னுதான் ஜெபம் பண்ணேன். இப்படி மாறணும்னா பண்ணேன்?"

எப்படி என்று கேட்டேன். கொட்டித் தீர்த்துவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரி வந்து உட்கார்ந்து மாடி வீட்டுப் பெண்ணைப் பற்றிச் சுவையாகப் பேசிக்கொண்டிருக்கும்போது இவர் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவுகிறாராம். வந்தவள் என்ன நினைப்பாள்? போதாததற்குக் கல்யாணமான புதிதில் அக்காவின் சமையலைத் தன் அம்மாவிடம் கேலி செய்ததாகச் சொல்லி மன்னிப்பு வேறு கேட்டிருக்கிறார்.

"எனக்கு அது தெரியவே தெரியாதுடி. இப்ப தெரிஞ்சு போச்சு. நினைச்சு நினைச்சு வயிறு எரியுது. நீ பக்கத்துலயே இருக்கே, என்னன்னு பாரு. வேற எவளாவது..."

"அந்த மூஞ்சிக்கா?"

"அதான் எனக்கும் புரியல" என்றாள் அக்கா, கொஞ்சமும் சிரிக்காமல்.

வேவு பார்க்கும் வேலை எனக்குக் கரும்பு தின்னக் கூலி. ஒரு மனிதன் மாறினால் எப்படி இருப்பான் என்பதற்கு என்னிடம் ஒரு மாதிரியும் இருந்தது, ஸ்டீம் அண்ணன். அவர் மாறிய மறுநாளே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. வெள்ளைச் சட்டைக்கு மாறினார். இஸ்திரி மெஷினில் வேத வசனம் எழுதிய ஸ்டிக்கர் ஒட்டினார். 'ஸ்தோத்திரம்' சொல்லாமல் வாயைத் திறப்பதில்லை. "ஸ்தோத்திரம், இந்தக் காலர் கருகினது நெட்டையன் வேலைதான்" என்பார்.

அத்தானிடம் இப்படி ஒன்றையும் காணோம். அதே கறை படிந்த கால்சட்டை. பாட்டுப் பாடினால் அதே தகரக் குரல். டிரையர் கதவு மூடவில்லை என்றால் அதே உதை, அதே வசவு. சிகரெட்டையாவது விட்டிருப்பார் என்று பின்கட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தேன்; சுவரோரம் புகை போய்க்கொண்டுதான் இருந்தது. எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இதற்குப் பெயர் மாற்றமா?

ஒரே ஒரு விஷயம் மட்டும் கண்ணில் பட்டது. யாராவது "நெட்டையன் வேலை" என்று சொன்னால் அத்தான் கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு அந்தப் பக்கமாகப் போய்விடுவார். முன்பெல்லாம் அதற்கு இரண்டு நகைச்சுவை சேர்த்து எல்லோரையும் சிரிக்க வைப்பவரே அவர்தான். ஊர் ஓடினால் ஒத்து ஓடு, ஒருவன் ஓடினால் கேட்டு ஓடு என்பார்கள். இவர் தனியாக ஓடுகிறார், கேட்டே தீரவேண்டும் என்று முடிவு செய்தேன்.

நான் கேட்பதற்குள் நெட்டையனே வந்து சேர்ந்தான். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் பின் கேட்டில் தலையை நீட்டினான். கையில் எங்களுக்காக ஒரு பாக்கெட் பிஸ்கட். இளைத்திருந்தான், முகத்தில் மட்டும் அதே சிரிப்பு.

"அம்மா இப்ப பரவாயில்லண்ணே" என்றான் அத்தானிடம். "பெரிய ஆஸ்பத்திரி லாண்டரியில ஆள் எடுக்கறாங்க. பழைய இடத்துக்கு ஃபோன் பண்ணிக் கேட்டுட்டு சேத்துக்கறேன்னு அந்த மேடம் சொல்லிட்டாங்க. நாளைக்குப் பண்ணுவாங்க. அப்புறம் என்ன, நீங்கல்லாம் இருக்கீங்க!"

"இதுக்கு முன்னாடி எங்கயும் தேடலையா?" என்று கேட்டேன். என் வாய் சும்மா இருக்காதே.

"தேடாம? ரெண்டு இடத்துல நல்லாத்தான் பேசினாங்க. இங்க கேட்டுட்டுச் சொல்றோம்னாங்க. அப்புறம் கூப்பிடவே இல்ல. நேரம் சரியில்ல போல."

நான் பாதி கடித்த பிஸ்கட்டைக் கீழே வைத்தேன். அத்தான் தன்னுடையதைக் கையிலேயே வைத்திருந்தார். அவன் போன பிறகும் வைத்திருந்தார்.

மறுநாள் காலை அத்தான் பெரிய தப்பு ஒன்றைச் செய்தார். ஒரு ஹோட்டலின் விருந்து மண்டபத்துத் திரைச்சீலைகள் வந்திருந்தன. குளிர்ந்த தண்ணீரில்தான் அலச வேண்டும். அதற்கு முந்தின சுற்று ஆஸ்பத்திரி விரிப்புகள், கொதிக்கக் கொதிக்கத் துவைப்பது. நினைப்பு எங்கேயோ இருந்திருக்கிறது. சூட்டைக் குறைக்காமலே மெஷினை ஓட்டிவிட்டார். வெளியே எடுத்துத் தொங்கவிட்டபோது ஒவ்வொன்றும் ஒரு சாண் குட்டையாகியிருந்தது. தரைக்கும் திரைக்கும் நடுவில் பூனை தாராளமாக நடந்து போகலாம்.

நாங்கள் சுற்றி நின்று பார்த்தோம். ஸ்டீம் அண்ணன்தான் முதலில் வாயைத் திறந்தார். "ஸ்தோத்திரம். அந்த மெஷின் சூட்டை நெட்டையன் கெடுத்து வெச்சிட்டுப் போனான்னு நான் அன்னைக்கே சொன்னேன்." அக்கா ஹோட்டலுக்குச் சொல்ல ஃபோனை நோக்கி நடந்தாள்.

"கொஞ்சம் இரு" என்றார் அத்தான். "மேடம்கிட்ட நான் சொல்லிட்டு வர்றேன்."

"என்னன்னு?"

"நான் பண்ணேன்னு."

முதலாளியம்மா வெளியே போயிருந்தார், சாப்பாட்டு வேளைக்குத்தான் வருவார். அத்தான் சிகரெட்டை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். நான் விடுவேனா? பின்னாலேயே போனேன்.

"அத்தான், மறைக்காம சொல்லுங்க. உங்களுக்கு என்ன ஆச்சு?"

"எனக்கே சரியா சொல்லத் தெரியலம்மா." பற்ற வைக்காமலே சிகரெட்டை உருட்டிக்கொண்டிருந்தார். "புதுசா ஒண்ணும் கேக்கல. நம்ம பாவத்தையெல்லாம் சிலுவையில அவர் சுமந்தார்னு பாஸ்டர் சொன்னாரு. சின்ன வயசுல இருந்து கேக்கறதுதானே, நான் கொட்டாவி விட்டுட்டு இருந்தேன். திடீர்னு நெட்டையன் மூஞ்சி வந்து நிக்குது."

"சபையிலயா?"

"அங்கதான். எல்லார் பழியும் ஒருத்தன் தலையிலன்னா, எனக்குத் தெரிஞ்சு அப்படி இருக்கற ஆள் அவன்தானே! அவராவது தானா முன்வந்து சுமந்தாரு. இவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டோமா நாம? ஒருத்தர் சுமந்துட்டாருங்கறதை நிஜமாவே நம்பினா, இன்னொருத்தன் எதுக்கும்மா நமக்கு?"

எனக்கு உடம்பு சிலிர்த்தது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். எரிச்சல்தான் வந்தது. நானும் அதே பெஞ்சில்தானே உட்கார்ந்திருந்தேன், எனக்கு ஏன் அவன் மூஞ்சி வரவில்லை?

"அப்ப சிகரெட்டு?" என்றேன், விட்டுக்கொடுக்காமல்.

"அதுவும் போகணும். அது எனக்கும் என் நெஞ்சுக்கும் இருக்கற விவகாரம். நெட்டையன் விஷயம் அப்படி இல்லையே, இன்னைக்கு ஃபோன் வருதே."

உள்ளே வந்ததும் அக்கா என்னைத் துணிக்கிடங்குக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள். "போய்ச் சொல்லுடி அவர்கிட்ட. நீ சொன்னா கேப்பாரு. ஊரோட ஒத்து வாழணும். நான் ஜெபம் பண்ணலையா? அதுக்காக சோறு போடற இடத்துல கொண்டு போய்த் தலையைக் குடுப்பேனா? இவர் இந்த ஒண்ணைச் சொன்னா, அந்தம்மா மத்ததெல்லாம் எப்படின்னு கேப்பாங்க. அதையெல்லாம் இத்தனை நாள் ஊருக்குச் சொன்னது யாரு? நான். என் வாய்."

கோபம் மாதிரி இருந்தாலும் அது பயம். எனக்கோ வேறொன்று உறுத்திக்கொண்டிருந்தது.

"அக்கா, ரெண்டு இடத்துல அவனை சேத்துக்கலையாம். அவங்க இங்க கேட்டாங்களா?"

அவள் விரிப்புக் கட்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கேட்டாங்க" என்றாள். "வழக்கமா சொல்றதைத்தான் சொன்னேன். எதுக்குக் கேக்கறாங்கன்னுகூட யோசிக்கல. துணியைக் கெடுத்துட்டாரு, நிறுத்திட்டோம்னு... அது பாட்டுக்கு வாயில வந்துடுச்சு."

அப்போதுதான் எனக்கு இந்த வழக்கத்தின் மேல் முதல்முறையாக அருவருப்பு வந்தது. என் அக்கா கெட்டவள் இல்லை. தெருவில் அடிபட்ட நாயைப் பார்த்தால் அன்று சாப்பிட மாட்டாள். அப்படிப்பட்டவள் ஒருவனுடைய பிழைப்பை இரண்டு தடவை கெடுத்திருக்கிறாள், அதுவும் தெரியாமலே. எல்லோரும் சொல்வதைத்தான் அவளும் சொன்னாள். அத்தானைத் தடுக்க நான் போகவில்லை.

முதலாளியம்மா வந்ததும் அத்தான் மாடிக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் இருவரும் இறங்கி வந்தார்கள். முதலாளியம்மாவின் முகம் சிவந்திருந்தது. எங்களை எல்லாம் கவுண்டர் அருகே கூப்பிட்டார்.

"திரைச்சீலை இவர் பண்ணதாம். சரி. அப்ப இதுக்கு முன்னாடி கெட்டதெல்லாம்?"

"என்னோடது இன்னும் ரெண்டு இருக்கு மேடம்" என்றார் அத்தான். "சர்ஜன் கோட்டுல சிவப்பு ஏறினது ஒண்ணு, கிழிஞ்ச போர்வை ஒண்ணு. மத்தது யாரோடதுன்னு நான் சொல்ல மாட்டேன். நெட்டையன் போனதுக்கு அப்புறம் கெட்டது எதுவும் அவனோடது இல்ல. அதை மட்டும் சொல்லுவேன்."

முதலாளியம்மா எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஸ்டீம் அண்ணன் தன் மெஷினில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை முதல்முறை படிப்பவர் போல அங்கிருந்தே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் என் நகத்தைப் பார்த்தேன். அந்த நேரம் பார்த்து ஃபோன் அடித்தது.

யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது; ஆஸ்பத்திரியிலிருந்து ஃபோன் வரும் என்று அத்தான் மாடியிலேயே சொல்லியிருந்தார் போல. அக்கா ஃபோனையும் முதலாளியம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எடு" என்றார் முதலாளியம்மா. "புகாரெல்லாம் உன்கிட்டதானே வருது. அந்த ஆள் எப்படின்னு நீயே சொல்லு. நானும் கேக்கறேன்."

அக்கா எடுத்தாள். ஆஸ்பத்திரி லாண்டரி மேடம் கேட்டது எங்களுக்கும் லேசாகக் கேட்டது. உங்களிடம் வேலை பார்த்த உயரமான ஒருவர், ஆள் எப்படி? அக்கா வாயைத் திறந்தாள், மூடினாள். "லைன்ல இருக்கீங்களா?" என்று அந்தப் பக்கம் கேட்டார்கள். அத்தான் அவளைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அவருக்காக அவள் சொல்லக்கூடாது என்று நினைத்தாரோ என்னவோ.

"இருக்கேன் மேடம்" என்றாள் அக்கா. "அவர் நல்ல வேலைக்காரர். இங்க இருந்த வரைக்கும் ஒரு கர்சீஃப்கூடக் கெடுத்ததில்ல."

அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள்.

"இல்ல, நாங்க நிறுத்தல. அம்மாவைப் பாத்துக்கணும்னு தானாப் போனாரு. நிறுத்திட்டோம்னு வெளியில சொன்னது நான்தான். அது பொய். கெட்டதெல்லாம் நாங்க கெடுத்தது."

ஃபோனை வைத்த பிறகும் அக்கா அதைப் பிடித்துக்கொண்டே நின்றாள். முதலாளியம்மா மாடி ஏறிப் போனார்.

மறுநாள் அத்தானை மெஷினிலிருந்து எடுத்து மூட்டை இறக்கும் பக்கம் போட்டார்கள். "கஸ்டமர்கிட்ட என்ன சொல்றதுன்னு இனிமே நானே பாத்துக்கறேன்" என்று முதலாளியம்மா கவுண்டரில் உட்கார்ந்துகொண்டார். அக்கா என் மடிப்பு மேசைக்கு வந்தாள். இத்தனை வருஷம் லாண்டரியில் இருந்தவளுக்குத் தலையணை உறைகூட மடிக்கத் தெரியவில்லை. அத்தானிடம் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "அந்தச் சமையல் விஷயம், அப்படி என்னதான் கேலி பண்ணீங்க?" என்று கேட்டாளாம். அவர் சொல்ல, இவள் சிரித்தாளாம். ஸ்டீம் அண்ணன் ஒருநாள் மாடிப்படி வரைக்கும் ஒரு சட்டையைத் தூக்கிக்கொண்டு போனார், நின்றார், திரும்பி வந்தார், மறுபடி போனார். "ஸ்தோத்திரம் மேடம்... இந்தக் காலர்... நான்தான்" என்று அவர் சொன்னபோது வேர்த்து வழிந்தது.

அதற்கு அடுத்த வாரம் நெட்டையன் வந்தான், புது வேலையின் சீருடையோடு. நேராக அக்காவிடம் போனான்.

"உங்க வாய் முகூர்த்தம்க்கா! உடனே சேத்துக்கிட்டாங்க. என்னைப் பத்தி அவ்வளவு நல்லா சொன்னீங்களாமே. இதை உயிருள்ள வரைக்கும் மறக்க மாட்டேன்."

அவனுக்கு ஒன்றும் தெரியாது என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது. ஆஸ்பத்திரி மேடம் நல்லதை மட்டும் சொல்லியிருக்கிறார். அப்படியே விட்டிருக்கலாம். வேலை கிடைத்தாயிற்று, நன்றியும் கிடைத்தாயிற்று. அக்கா என்ன செய்யப் போகிறாள் என்று பார்க்க மடிப்பதை நிறுத்திவிட்டேன்.

"தம்பி, உக்காரு" என்றாள் அக்கா. "நன்றி சொல்றதுக்கு முன்னாடி ஒண்ணு கேளு."

எல்லாவற்றையும் சொன்னாள். அழவில்லை, சுற்றி வளைக்கவில்லை. அவன் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று.

"எல்லாமேவா?"

"எல்லாமே."

"அந்த ரெண்டு இடமும்?"

"அதுவும் நான்தான்."

"அந்த மாசம் அம்மாவுக்கு மருந்து வாங்க என் வண்டியை வித்தேன்க்கா" என்றான். சத்தம் போட்டிருந்தால் எங்களுக்கு நன்றாக இருந்திருக்கும். மெதுவாகத்தான் சொன்னான். மன்னித்துவிடு என்று கேட்க அக்காவுக்கு வாய் வரவில்லை. மூட்டையோடு வந்த அத்தான் அதை இறக்காமல் அங்கேயே நின்றார்.

நெட்டையன் வெகுநேரம் தன் சீருடைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான்.

"ஒரு கர்சீஃப்கூடக் கெடுக்கலைன்னு சொன்னீங்களாமே" என்றான் கடைசியில். "அதுவும் உண்மை இல்லக்கா. எவ்வளவோ கிழிச்சிருக்கேன். நான் வந்தப்ப போனாரே, தடிக் கண்ணாடி போட்ட பெரியவர், எல்லாத்தையும் அவர் தலையிலதான் போட்டேன்."

பிறகு நிமிர்ந்து எங்களைப் பார்த்தான். "அவருக்கு அப்புறம் எங்கயாவது வேலை கிடைச்சுதா?"

அத்தான் ஸ்டீம் அண்ணனைப் பார்த்தார். ஸ்டீம் அண்ணன் அக்காவைப் பார்த்தார். அக்கா என்னைப் பார்த்தாள். அவர் எந்தத் தெருவில் குடியிருந்தார் என்றுகூட எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.